வயலை யார் துடைப்பது?

2016ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் 97 பதின்வயதுப் பெண்கள் ஒரு வாரம் முழுக்கக் கையில் சிலிகான் பட்டை அணிந்திருந்தார்கள். நண்பர்கள் தினத்துக்கு நம் மாணவிகள் மாட்டிக்கொள்ளும் ரப்பர் பட்டை மாதிரிதான் அதுவும். சிலிகானுக்கு ஒரு குணம் உண்டு. சுற்றியிருக்கும் காற்றிலும் தூசியிலும் உள்ள வேதிப்பொருட்களை இழுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். வாரம் முடிந்ததும் பட்டைகளைக் கழற்றி வாங்கி, எழுபதுக்கும் மேற்பட்ட பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி மருந்துகள் அவற்றில் இருக்கின்றனவா என்று ஆய்வகத்தில் தேடினார்கள். அந்தப் பெண்கள் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். விவசாயக் கூலிகள் வாழும் ஊரைச் சேர்ந்தவர்கள். ஆய்வு நடத்தியவர்களில் அதே ஊர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்றால் நம் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை. ஆய்வுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கொசேச்சா'. ஸ்பானிய மொழியில் அறுவடை என்று பொருள்.

அதன் முடிவுகளில் நான்கு விஷயங்கள் அடுத்தடுத்து வருகின்றன. பயிர் செய்யும் வயலிலிருந்து 100 மீட்டருக்குள் வீடு இருந்தால், சில மருந்துகள் பட்டையில் தென்படும் வாய்ப்பு கூடுகிறது. வீட்டில் தரைவிரிப்பு இருந்தால் கூடுகிறது. பூச்சி மருந்து அடிக்க ஆள் வரவழைத்திருந்தால் கூடுகிறது. வீட்டைத் தினமும் சுத்தம் செய்தால் ஒரு மருந்தின் அளவு குறைகிறது.

முதல் மூன்றும் மருந்து எங்கிருந்து வருகிறது, எங்கே தங்குகிறது என்று சொல்கின்றன. நான்காவது, வந்து சேர்ந்ததைக் கூட்டிப் பெருக்குவது பற்றிச் சொல்கிறது. என் கட்டுரை இந்த நான்காவது வரியைப் பற்றியது. பள்ளி மாணவர்களை ஆய்வுக்குள் கொண்டுவருவது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்கள் சேர்ந்து கண்டுபிடித்த பதிலைக் கடைசியில் யார் தலையில் இறக்கி வைக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

இடத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். சலினாஸ் பள்ளத்தாக்கை 'உலகத்தின் சாலட் கிண்ணம்' என்று பெருமையாகச் சொல்வார்கள். லெட்டூஸ், புரோக்கோலி, ஸ்ட்ராபெர்ரி எல்லாம் மைல் கணக்கில் விளைகின்றன. குனிந்து வெட்டி, பெட்டியில் அடுக்குபவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள். 1999இல், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பிரெண்டா எஸ்கெனாசியின் தலைமையில் இங்கே ஒரு நீண்டகால ஆய்வு தொடங்கியது. அதன் பெயர் 'சாமாக்கோஸ்', மெக்சிகோ ஸ்பானியத்தில் சின்னப் பிள்ளைகள். 601 கர்ப்பிணிப் பெண்களைச் சேர்த்து, அவர்கள் பெற்ற பிள்ளைகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லியின் தடயங்களைக் கர்ப்பிணிகளின் சிறுநீரில் அளந்திருந்தார்கள். 2011இல் வெளிவந்த முடிவின்படி, அந்த அளவு மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்குத் தாய்மாரின் பிள்ளைகள், மிகக் குறைவாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினரின் பிள்ளைகளைவிட ஏழு வயதில் நுண்ணறிவுச் சோதனையில் சராசரியாக 7 புள்ளி குறைவாக எடுத்தார்கள்.

இப்படிப்பட்ட முடிவு வெளிவரும்போது முதலில் யாரைப் பார்க்கிறோம்? தாயை. அவள் உடம்புதான் சாட்சி. ஆனால் சாட்சி சொல்ல வந்தவளையே கூண்டில் ஏற்றுவது உலகத்துக்குப் பழகிப்போன வேலை. என்ன சாப்பிட்டாள், எங்கே வேலைக்குப் போனாள், கர்ப்பமாக இருக்கும்போது ஏன் வயலுக்குப் போனாள் என்ற கேள்விகள் தானாக வந்துவிடும். மருந்து தெளிக்கச் சொன்னவனின் பெயர் எந்தச் சிறுநீர்க் குப்பியிலும் ஒட்டப்படுவதில்லை. இதில் ஆய்வாளர்களைக் குறை சொல்வதற்கில்லை. உடம்பில் அளப்பது என்ற முறைக்கே இந்தச் சாய்வு உண்டு. எங்கே அளக்கிறோமோ அங்கேயே காரணத்தையும் தேடத் தொடங்கிவிடுகிறோம்.

இந்தப் பின்னணியில்தான் பள்ளி மாணவர்கள் ஆய்வாளர்களாக உள்ளே வருகிறார்கள். கொசேச்சாவுக்கு முன்பே, 2013இல், அதே ஊரில் 'எர்மோசா' என்றொரு ஆய்வு நடந்தது. எர்மோசா என்றால் அழகி. 14 முதல் 18 வயதுக்குட்பட்ட 100 பெண்கள் கலந்துகொண்டார்கள். கேள்வி எளிமையானது. ஷாம்பூ, சோப்பு, லோஷன், லிப்ஸ்டிக், வாசனைத் திரவியம் ஆகியவற்றிலிருந்து உடம்புக்குள் போகும், ஹார்மோன்களைக் குழப்பக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பொருட்களைக் குறைக்க முடியுமா? முதலில் சிறுநீர் மாதிரி வாங்கினார்கள். பிறகு மூன்று நாட்களுக்கு, தாலேட், பாராபென், டிரைக்குளோசன், பிபி-3 என்ற வெயில்தடுப்புப் பொருள் ஆகியவை இல்லை என்று லேபிளில் போட்டிருக்கும் மாற்றுப் பொருட்களைக் கொடுத்தார்கள். மூன்று நாள் கழித்து மறுபடி சிறுநீர்.

முடிவு பளிச்சென்று இருந்தது. மெத்தில் பாராபென் 44 சதவீதம் குறைந்தது. புரோப்பில் பாராபென் 45 சதவீதம். டிரைக்குளோசனும் பிபி-3ம் 36 சதவீதம். வாசனைப் பொருட்களில் சேர்க்கும் ஒரு தாலேட்டின் தடயம் 27 சதவீதம். இதே பெண்களின் தரவுகளை வைத்துப் பிறகு எழுதிய கட்டுரையில் இன்னொரு கணக்கும் வந்தது. எப்போதாவது மட்டும் ஒப்பனை செய்பவர்கள் அல்லது செய்யாதவர்களோடு ஒப்பிட்டால், தினமும் செய்பவர்களின் சிறுநீரில் மெத்தில் பாராபென் ஏறத்தாழ ஒன்பது மடங்கு, புரோப்பில் பாராபென் இருபது மடங்கு.

இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது, பதின்வயதுப் பெண்ணின் அலமாரியை அது மதித்தது. அவள் எதைப் பூசுகிறாள், எத்தனை தடவை, தங்கையோடும் தோழியோடும் எதைப் பகிர்ந்துகொள்கிறாள் என்பதெல்லாம் அறிவியலுக்கு உரிய கேள்விகள் என்று ஏற்றுக்கொண்டது. வெளியூரிலிருந்து வரும் முனைவர் கேட்டால் இதற்கு ஒரு பதில் வரும், அதே பள்ளியில் படிக்கும் பெண் கேட்டால் வேறு பதில் வரும். கண்மை போடுவேன் என்று அம்மாவின் முன்னால் சொல்லாதவள் வகுப்புத் தோழியிடம் சொல்வாள். மாணவர்களைச் சேர்த்தால் ஆய்வு உண்மைக்குப் பக்கத்தில் போகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

ஆனால் எர்மோசா கட்டுரையின் சுருக்கம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். இளைஞர்களைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் சேர்த்தது எதற்கு உதவியது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். ஆட்களைச் சேர்க்க, சேர்ந்தவர்களைத் தக்கவைக்க, சொன்னபடி நடந்துகொள்ள வைக்க, மாற்றுப் பொருட்களை ஏற்றுக்கொள்ள வைக்க. நான்கும் ஆய்வு தடங்கலின்றி நடப்பதற்கான உதவிகள். மாணவர்கள் வந்ததால் கேள்வி மாறியதா, பதிலை வேறுவிதமாகப் படிக்க முடிந்ததா என்பதைப் பற்றி அந்தச் சுருக்கத்தில் பேச்சில்லை. ஆய்வில் சேர்ந்த இளைஞர்களின் அறிவும் தலைமைத் திறனும் வளர்ந்தது பற்றித் தனியாக ஒரு கட்டுரை வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் இரண்டையும் இரண்டு இடங்களில் எழுதியதே ஒரு விஷயத்தைச் சொல்கிறது. அறிவியல் கட்டுரையில் மாணவர் என்பவர் ஆய்வைச் சுமுகமாக்கும் கை. சமூகக் கட்டுரையில் அவர் வளர்ந்துவரும் தலைவர். இந்த இரண்டு பக்கங்களும் ஒரே தாளில் சந்திக்கும்போதுதான் பங்கேற்பு என்ற சொல்லுக்கு அர்த்தம் வரும்.

இது சலினாஸின் தனிக்குறை அல்ல. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் மாணவிகளைக் குடிநீர்க் கணக்கெடுப்புக்கு அனுப்பினார்கள். வெயிலில் தெருத்தெருவாகப் போய்ப் படிவம் நிரப்பினார்கள், போத்தல்களில் தண்ணீர் பிடித்து வந்தார்கள். அதற்கு மதிப்பெண் கிடைத்தது. தண்ணீரில் என்ன இருந்தது என்ற தாள் அந்தத் தெருவுக்கும் திரும்பவில்லை, மாணவிகளுக்கும் காட்டப்படவில்லை. அதற்கும் பங்கேற்பு என்றுதான் பெயர். இதோடு ஒப்பிட்டால் சலினாஸ் மாணவர்கள் கேள்வித்தாள் தயாரிக்கும் கட்டத்திலேயே உள்ளே இருந்தார்கள். அது பெரிய வித்தியாசம்.

இனி அலமாரிக்கு வருவோம். எர்மோசாவின் முடிவுகளில் அதிகம் பேசப்படாத ஒரு வரி இருக்கிறது. பாராபென் இல்லை என்று லேபிள் சொன்ன பொருட்களைத்தான் கொடுத்தார்கள். பெரும்பாலான பொருட்கள் குறைந்தன. ஆனால் எத்தில் பாராபென், பியூட்டில் பாராபென் என்ற இரண்டின் அளவு கூடியது. கூடிய அளவு சிறியதுதான், ஆய்வாளர்களும் அதை எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பல்கலைக்கழகத்தின் நிபுணர்கள் தேடித் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பொருட்களிலேயே இப்படியென்றால், கடையில் தனியாக நிற்கும் பதினாறு வயதுப் பெண் லேபிளைப் பார்த்து எதைத் தெரிந்துகொள்வாள்? வாசனைக்காகச் சேர்க்கும் பொருட்களைத் தனித்தனியாக எழுத வேண்டியதில்லை, 'வாசனை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம் என்று அமெரிக்க விதி அனுமதித்திருந்தது. அந்த ஒரு சொல்லுக்குள்தான் தாலேட் ஒளிந்திருக்கும். அங்கே அழகுசாதனப் பொருட்களை ஆண்டது 1938ஆம் ஆண்டுச் சட்டம். நிறமிகளைத் தவிர மற்றவற்றை விற்பனைக்கு முன் அரசிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. அதில் பெரிய திருத்தம் வந்தது 2022 டிசம்பரில்தான்.

ஆக, சட்டம் செய்யாத வேலையை மூன்று நாட்கள் 100 பெண்கள் செய்து காட்டினார்கள். அதற்குப் பிறகு? ஆய்வு கொடுத்த பொருட்கள் தீர்ந்துவிடும். மாற்றுப் பொருளின் விலை கூலிக் குடும்பத்துக்குக் கட்டுமா என்பதை யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இந்த வேதிப்பொருட்கள் உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறுகின்றன, அதனால்தான் மூன்று நாளில் குறைந்தன. அதே காரணத்தால், பழைய ஷாம்பூவுக்குத் திரும்பினால் அவையும் திரும்பிவிடும். குறைவாகவே வைத்திருக்க வேண்டுமென்றால் அவள் ஆயுள் முழுக்க லேபிள் படித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கே எனக்கு இன்னொரு பயமும் உண்டு. பெண்பிள்ளை கண்ணாடி முன்னால் நின்றால் வீட்டில் என்ன பேச்சு வரும் என்று நமக்குத் தெரியும். 'லிப்ஸ்டிக் எதுக்கு? யாரு பாக்கணும்னு?' மொழி மாறலாம், இந்தப் பேச்சு எல்லா ஊரிலும் இருக்கிறது. இதுவரை ஒழுக்கத்தின் பெயரால் சொன்னதை இனி ஹார்மோனின் பெயரால் சொல்லலாம். தினமும் ஒப்பனை செய்தால் இருபது மடங்கு என்ற எண், ஆய்வாளரின் கையில் தொழிற்சாலையைப் பார்த்துக் கேட்கும் கேள்வி. அதுவே பள்ளித் தலைமையாசிரியரின் கையிலோ அப்பாவின் கையிலோ போனால் பெண்ணைப் பார்த்துக் கேட்கும் கேள்வி. ஆய்வு அந்த நோக்கத்தோடு செய்யப்படவில்லை என்பது சரி. ஆனால் ஒரு முடிவு எந்தக் கைகளுக்குப் போகும் என்று யோசிப்பதும் ஆய்வின் பகுதிதான். பெண்ணியம் ஆய்வுமுறைக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் இது ஒன்று.

மீண்டும் அந்த நான்காவது வரி. கொசேச்சா கட்டுரையை என் முதுகலை மாணவிகளோடு சேர்ந்து வாசித்தேன். தினசரிச் சுத்தம் பற்றிய இடம் வந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "தினமும் யார் சுத்தம் பண்றது மேடம்? காட்டு வேலைக்குப் போயிட்டு வந்த அம்மாவா, ஸ்கூல்ல இருந்து வந்த பொண்ணா?" பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி: "அண்ணன் தம்பி யாரும் கையில பட்டை கட்டலையா?"

கட்டவில்லை. எர்மோசாவுக்கும் கொசேச்சாவுக்கும் கலிஃபோர்னியாவின் மார்பகப் புற்றுநோய் ஆய்வுத் திட்டம் நிதி தந்தது, எனவே பெண்ணுடல் மையமாக இருப்பது புரிகிறது. ஆனால் வீட்டின் தூசி அண்ணன் தம்பிக்கும் பொதுதான். பெண்ணின் கையில் மட்டும் அளந்துவிட்டு, 'சுத்தம் செய்தால் குறைகிறது' என்று எழுதும்போது, துடைப்பமும் அதே கைக்குப் போய்ச் சேர்கிறது. அந்த வாக்கியம் தவறில்லை. அது நல்ல யோசனையும்கூட, நாளைக்கே செய்யலாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நான்கு முடிவுகளில் நாளைக்கே செய்யக்கூடியது அது ஒன்றுதான். வயலை 100 மீட்டர் தள்ளி வைக்க முடியாது. வாடகை வீட்டுத் தரைவிரிப்பை வீட்டுக்காரரைக் கேட்காமல் பிடுங்க முடியாது. பெருக்க முடியும். முடியும் என்பதாலேயே அது அறிவுரையாகிறது, அறிவுரை கொஞ்ச நாளில் கடமையாகிறது. அப்புறம் பட்டையில் மருந்து தெரிந்தால், வீடு சரியாகப் பெருக்கவில்லை என்று ஆகிவிடும்.

அந்தப் பட்டைகளில் என்னதான் இருந்தது? மிக அதிகமாக, 87 சதவீதப் பட்டைகளில், ஃபிப்ரோனில் என்ற மருந்து சிதைந்து உண்டாகும் ஒரு பொருள். எறும்புக்கும், நாய் பூனையின் தெள்ளுப்பூச்சிக்கும் போடும் மருந்து அது. 56 சதவீதத்தில் டிடிஇ. 53 சதவீதத்தில் டாக்தால் என்ற களைக்கொல்லி. இந்தக் கடைசி இரண்டின் கதையைச் சொன்னால் என் வாதம் விளங்கும்.

டிடிஇ என்பது டிடிடி சிதைந்து உண்டாவது. அமெரிக்காவில் டிடிடி தடை செய்யப்பட்டது 1972இல். பட்டை அணிந்த பெண்கள் பிறப்பதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு. அவர்கள் பாட்டி காலத்து மருந்து மண்ணிலும் தூசியிலும் கிடந்து பேத்தியின் மணிக்கட்டில் ஏறியிருக்கிறது. எந்தத் துடைப்பத்தால் இதைப் பெருக்குவது? டிடிடி புழக்கத்திலிருந்து போனதற்கு வீட்டுச் சுத்தம் காரணமில்லை. மத்திய அரசின் தடைக்கு இரண்டாண்டுகள் முன்பே, 1970இல், சீசர் சாவேஸும் டொலோரெஸ் ஹுவெர்டாவும் நடத்திய விவசாயத் தொழிலாளர் சங்கம் கலிஃபோர்னியாவின் திராட்சைத் தோட்ட முதலாளிகளோடு போட்ட ஒப்பந்தங்களில் டிடிடி போன்ற மருந்துகள் கூடாது என்று எழுதி வாங்கியது. பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்து பேசியவர்களில் ஹுவெர்டா முக்கியமானவர். கூலி உயர்வைக் கேட்ட அதே தாளில் மருந்தையும் கேட்டார்கள். பாதுகாப்பு என்பதை அவர்கள் வேலை கொடுப்பவனின் பொறுப்பாக எழுதினார்கள்.

டாக்தால் இன்னும் அண்மைக் கதை. புரோக்கோலி, முட்டைக்கோஸ், வெங்காய வயல்களில் தெளிப்பது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009 முதல் புழக்கத்தில் இல்லை. 2013இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கருவில் இருக்கும் குழந்தையின் தைராய்டை இது பாதிக்குமா என்பதற்கான தரவுகளைத் தயாரிப்பாளரிடம் கேட்டது. 2016இல் சலினாஸ் பெண்களின் பட்டைகளில் பாதிக்கு மேல் அது இருந்தது. 2024 ஆகஸ்டில்தான் அந்த முகமை அவசர ஆணை போட்டு அதை நிறுத்தியது. இப்படியொரு அவசர நிறுத்தம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் முதல்முறை. கேட்டதற்கும் நிறுத்தியதற்கும் இடையில் 11 ஆண்டுகள். அந்த 11 ஆண்டுகளும் வயலோரத்து வீடுகளில் பெண்கள் பெருக்கிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

டிரைக்குளோசனும் அப்படியே. எர்மோசாப் பெண்கள் அதை மூன்று நாளில் 36 சதவீதம் குறைத்த முடிவு வெளியான அதே 2016இல், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கிருமிநாசினிச் சோப்புகளில் அதைச் சேர்க்கக் கூடாது என்று விதி போட்டது. சாதாரணச் சோப்பும் தண்ணீரும் செய்வதைவிடக் கூடுதலாக இது செய்கிறது என்று தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை. அந்த விதிக்குப் பிறகு, அந்தச் சோப்பை வாங்க எந்தப் பெண்ணும் லேபிள் படிக்க வேண்டியதில்லை. 2020இல் கலிஃபோர்னியா மாநிலம் 24 பொருட்களை அழகுசாதனங்களில் தடை செய்து சட்டம் போட்டது, 2025இல் நடைமுறைக்கு வந்தது. இந்தச் சட்டமும் விதியும் தொட்ட இடங்களில் பொறுப்பு அலமாரியிலிருந்து தொழிற்சாலைக்கு நகர்ந்தது. இப்படிச் சட்டம் வர, அலமாரியில் அளந்த எண்களும் தேவை. அதனால்தான் எர்மோசாவை நான் ஒதுக்கிவிடவில்லை. உடம்பில் இருப்பதைக் குறைக்க முடியும் என்று மூன்று நாளில் காட்டியது, இது விதியின் விளையாட்டு அல்ல, மாற்றக்கூடியது என்று சொல்லும் சான்று. பதினாறு வயதில் அப்படியொரு சான்றைத் தன் கையால் உருவாக்கியவள் பிறகு எதையும் எளிதில் தலையெழுத்து என்று ஏற்க மாட்டாள். இந்தத் தைரியத்துக்கு மதிப்பு போட எந்த அட்டவணையிலும் இடமில்லை.

என் வாதம் இதுதான். மாணவர்கள் கலந்துகொண்ட ஆய்வை மதிப்பிடும்போது, எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், என்ன கற்றுக்கொண்டார்கள் என்பதோடு நிறுத்தக்கூடாது. முடிவு யார் பெயருக்கு முகவரியிட்டு அனுப்பப்படுகிறது என்று பார்க்க வேண்டும். மாணவியின் பெயருக்கே திரும்பி வந்தால், அவள் ஆய்வாளராக உள்ளே போய் நோயாளியாக வெளியே வருகிறாள். கையில் ஓர் எண்ணும், செய்ய வேண்டியவற்றின் பட்டியலும் இருக்கும். அதே முடிவு தோட்ட முதலாளிக்கும், மருந்துக் கம்பெனிக்கும், சட்டமன்றத்துக்கும் போய், அவர்கள் பதில் சொல்ல வேண்டிய நாள் குறிக்கப்பட்டால், அவள் ஆய்வாளராகவே இருக்கிறாள்.

இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு, அதுவும் கலிஃபோர்னியாவில் பிறந்ததுதான். 1990களின் நடுவில் அங்கே கான்ட்ரா கோஸ்டா பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகையைச் சுவாசித்தவர்களுக்காக, சாதாரண பிளாஸ்டிக் வாளியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பும் முறை உருவானது. அந்த வாளி பல நாடுகளுக்குப் போய், 2004இல் கடலூர் சிப்காட்டுக்கும் வந்தது. ஆலைகளைச் சுற்றியிருந்த கிராமத்து மக்கள் நாற்றத்தைப் பெயர் சொல்லி அடையாளம் காணப் பழகினார்கள், வாளியில் காற்றைப் பிடித்தார்கள், அறிக்கை எழுதினார்கள். அந்த முடிவுகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் ஆலைகளையும் பார்த்துப் பேசின. வீட்டு ஜன்னலைச் சாத்துங்கள் என்று யாரும் அதிலிருந்து முடிவு எடுக்கவில்லை. வாளிக்கும் கைப்பட்டைக்கும் உள்ள வித்தியாசம் இங்கே தெரிகிறது. வாளி ஆலையின் காற்றைப் பிடிக்கிறது, பட்டை பெண்ணின் மணிக்கட்டில் இருக்கிறது. பட்டையைக் கழற்றிவிடச் சொல்லவில்லை. மணிக்கட்டில் கிடைத்ததை வயலோடு சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன்.

அப்படிப் படிப்பதற்கு அந்த ஊரிலேயே வசதி இருக்கிறது. வேளாண்மையில் பயன்படுத்தும் பூச்சிக்கொல்லிகள் எல்லாவற்றையும், எந்த மருந்து, எவ்வளவு, எந்த இடத்தில், எந்தத் தேதியில் என்று மாவட்ட அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது 1990 முதல் கலிஃபோர்னியாவில் விதி. 2025 மார்ச்சிலிருந்து, கட்டுப்படுத்தப்பட்ட சில வகை மருந்துகளைத் தெளிப்பதற்கு முன்பே பொதுமக்களுக்கு அறிவிக்கும் ஏற்பாடும் வந்திருக்கிறது. எந்த வயல் என்று சொல்லாது, ஒரு சதுர மைல் பரப்பைக் காட்டும். நல்லதுதான். ஆனால் அறிவிப்பு வந்த இரவு அந்த வீடுகளில் என்ன நடக்கும்? கொடியில் காயும் துணியை எடுப்பது, ஜன்னலைச் சாத்துவது, பிள்ளைகளை உள்ளே கூப்பிடுவது, மறுநாள் தரையைத் துடைப்பது. நான்காவது வரி இங்கேயும் வந்து நிற்கிறது. எச்சரிக்கை கிடைத்ததாலேயே பொறுப்பு கேட்டவளுடையது என்றாகிவிடுகிறது.

எளிதான மாற்று என்று எதையும் நான் சொல்லப்போவதில்லை. ஆவணங்கள் இல்லாமல் வேலை செய்பவர்கள் கலிஃபோர்னியாவின் விவசாயக் கூலிகளில் ஏராளம். மகள் சட்டமன்றத்தில் போய்ப் பேசினால் அப்பாவின் வேலை என்னாகும் என்று ஒரு குடும்பம் பயப்படுவதை வெளியிலிருந்து யாரும் கோழைத்தனம் என்று சொல்ல முடியாது. பதினாறு வயதுப் பெண்ணைப் போராட்டத்தின் முன்வரிசையில் நிறுத்துவதும் அவள் தலையில் சுமை ஏற்றுவதுதான். பல்கலைக்கழகத்தின் பெயரும் பதவியும் உள்ளவர்கள் அந்த இடத்தில் முன்னால் நிற்க வேண்டும். மாணவர்கள் அவர்களுக்கு ஆட்களைச் சேர்த்துக் கொடுத்தார்கள், தக்கவைத்துக் கொடுத்தார்கள். பதிலுக்கு அவர்கள் அந்த முடிவை வாசல்வரை எடுத்துப் போக வேண்டும், தோட்டத்தின் வாசல்வரை, கம்பெனியின் வாசல்வரை.

நம் ஊரில் இப்படியொரு ஆய்வில் சேரும் மாணவிகளுக்கும், சேர்க்கும் ஆசிரியைகளுக்கும் நான் சொல்ல விரும்புவது சின்ன விஷயம். முடிவுகளை எழுதி முடித்ததும், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரில் ஒரு பெயரை எழுதுங்கள். இந்த வரியைப் படித்ததும் நாளைக் காலையில் எழுந்து வேலை செய்ய வேண்டியவர் யார்? எல்லா வரிகளுக்கும் எதிரில் அம்மா, மகள், அம்மா, மகள் என்றே வந்தால், தரவில் பிழை இருக்காது, ஆய்வு மட்டும் பாதியில் நிற்கிறது என்று பொருள். மீதியை எழுத உட்காருங்கள்.